மேற்கோள் குறிக்கும் மரபு: விஞ்ஞானக் கட்டுரைகளில் அதன் தோற்றமும் வளர்ச்சியும்

பொருளின் உண்மையைத் துணிதற்குக் காட்சி, கருதல், உரை என அளவை மூன்று வேண்டப்படும். இவற்றுள் முன்னைய இரண்டையுமே விஞ்ஞான நூலார் தமக்கு உறுதுணையாகக் கொண்டனர் என்றும், உரையளவையை அவர் அறவே நீக்கினர் என்றும் கூறுவது பெருவழக்கு. அதற்கேற்ப, 1660-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தோன்றிய ராயல் சொசைட்டி என்னுங் கழகத்தாரும், ஒருவர் சொன்னார் என்பது கொண்டே ஒன்றை ஏற்றல் கூடாது என்னுங் கருத்தமைந்த இலத்தீன் தொடரொன்றைத் தம் முத்திரை மொழியாகக் கொண்டனர். ஆயினும், அவர் வழிவந்த விஞ்ஞானியர் இக்காலத்து எழுதுங் கட்டுரை ஒன்றை எடுத்து அதன் இறுதிப் பக்கங்களை நோக்குமிடத்து, முன்னோர் பலருடைய பெயரும், அவர் எழுதிய ஆண்டும், கட்டுரைத் தலைப்பும், பத்திரிகையின் பெயரும், தொகுதி எண்ணும், பக்க எண்ணும் நிரல்பட நிற்றல் புலனாம். உரையை நீக்கினோம் என்றவர் உரையின் துணையின்றி ஒரு பக்கமும் எழுதுகின்றிலர். இம்முரண் யாங்ஙனம் பொருந்தும் எனின், அது வருமாறு:

முன்னோர் செய்த சோதனை அனைத்தையும் ஒருவர் தம் வாழ்நாளில் மீண்டுஞ் செய்து காண்டல் இயலாது. ஆகலின் பிறர் கண்டு கூறியதனை ஏற்றே அவர் மேற்செல்ல வேண்டும். ஆனால் அவ்வுரை எங்கு, எவரால், எப்பொழுது கூறப்பட்டது என்பதனை, ஐயுற்றார் எவரும் தாமே சென்று காணுமாறு குறித்தல் வேண்டும் என்னும் ஒரு நிபந்தனையோடு அஃது ஏற்கப்படுகின்றது. எனவே, மேற்கோட் குறிப்பு என்பது உரையளவையைக் காட்சியளவையின் ஆணைக்குள் நிறுத்தும் ஒரு கருவியேயாம். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, ஈண்டுப் புள்ளி, ஆண்டுக் காற்புள்ளி, இங்கே சாய்வெழுத்து, அங்கே தடித்த எழுத்து என வேண்டப்படும் விதிகளைக் கண்டு இவை வெறுஞ் சடங்கு எனச் சலித்தல் இயல்பு. அவ்விதிகள் எத்தேவையினின்றுந் தோன்றின என்பதும், அவற்றின் உருவம் நிற்க உயிர் நீங்கியவிடத்து விளைந்த கேடு எத்துணைத்து என்பதும் அறியப்படுமாயின் அச்சலிப்பு நீங்கும்.

ஏட்டுக் காலமும் அச்சுக் காலமும்

பிறருடைய சொல்லை அவர் பெயராற் குறித்தல் வேண்டும் என்னும் உணர்ச்சி விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கு மிக முற்பட்டது. வட இங்கிலாந்தில் ஜாரோ என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்து 735-ஆம் ஆண்டில் மறைந்த பீட் என்னுந் துறவியார், லூக்காவின் சுவிசேஷத்திற்கு ஓர் உரை வகுத்தார். அதன்கண் அம்புரோசு, அகஸ்டீன், கிரகோரி, ஜெரோம் என்னும் முன்னையாசிரியர் நால்வர் உரைகளினின்றும் பல பகுதிகளை எடுத்தாண்டார். பெரியோர் மொழியைத் திருடித் தம்மொழிபோற் காட்டினார் என்னும் பழி தமக்கு நேராதவாறு, எவர் மொழி எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதனை அவ்வவர் பெயரின் எழுத்துக்களை ஓரத்திற் பொறித்துக் காட்டினார். பின்னர் எழுதிய மாற்குவின் சுவிசேஷ உரையின் முகவுரையில், தம் நூலைப் படியெடுப்போர் அவ்வெழுத்துக்களை விடாது எழுதவேண்டும் என வணக்கத்தோடு வேண்டிக்கொண்டார். அங்ஙனம் வேண்டியும் பிற்காலப் படிகள் பலவற்றில் அவை குறைந்தும் ஒழிந்தும் போயின. நூலின் சொற்களைப் பேணிய எழுதுவோர் அதன் ஓரக் குறியைப் பேணுதல் தம் கடன் என்று எண்ணிற்றிலர்.

பீட் துறவியாரின் குறி எவர் கூறினார் என்பதனை அறிவித்தது. எவ்விடத்துக் கூறினார் என்பதனை அறிவிக்கவில்லை. ஏட்டுக் காலத்தில் அஃது அறிவித்தற்கும் அரிது. ஒரு நூலின் இரண்டு படிகளில் ஒரு செய்யுள் ஒரே ஏட்டில் அமைதல் அருமையாகலின், ஏட்டெண்ணாற் பயனில்லை. இயல், அதிகாரம், சூத்திரம் என நூலின் உள்ளுறுப்புக்களையே சுட்டவேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சுத் தொழில் பரவியபின் இந்நிலை மாறிற்று. ஒரு பதிப்பின் படிகள் எல்லாவற்றிலும் ஒரு சொல் ஒரே பக்கத்தில் நிற்பதாயிற்று. இலண்டனில் இருப்பார் குறித்த பக்கத்தைப் பாரிசில் இருப்பார் விரித்துக் காண்டல் கூடுவதாயிற்று. பக்க எண் என்பது எல்லார்க்கும் பொதுவானதொரு முகவரியாயிற்று.

1665-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ஆம் நாள், ராயல் சொசைட்டியின் செயலாளராகிய ஹென்றி ஓல்டன்பர்க்கு என்பார் அக்கழகத்தின் ‘பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு இரு திங்கள் முன்னரே பாரிசில் ‘ஜூர்னால் தெ சவான்’ வெளிவந்திருந்தது. இவ்விரண்டும் விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கு முதல்வழி வகுத்தன. எனினும் அவற்றின் பக்கங்களில் மேற்கோட்கு ஒரு நிலைத்த உருவமில்லை. முன்னோர் பெயரை வாக்கியத்தின் ஓட்டத்திற் கூறிச் செல்வாரும், ஓரத்திற் குறிப்பாரும், குறியாது விடுவாரும் எனப் பலதிறத்தார் இருந்தனர்.

சான்று காட்டும் வழக்கை அக்காலத்து முறுக வளர்த்தவர் வரலாற்று நூலார். 1697-இல் பியேர் பேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் ராட்டர்டாமில் வெளியிட்ட வரலாற்று அகராதியில், மூலம் சிறு கீற்றாக மேலே நிற்க, அதன் ஆதாரமும் ஆராய்ச்சியும் பக்கத்தின் பெரும்பகுதியை நிரப்பின. 1776-இல் எட்வர்டு கிப்பன் தம் ரோமப் பேரரசின் வரலாற்றின் முதற்றொகுதியை வெளியிட்டபோது குறிப்புக்களை நூலின் இறுதியில் வைத்திருந்தார். தத்துவ நூலாராகிய டேவிட் ஹியூம், ஒவ்வொரு குறிப்பிற்கும் நூலின் இறுதிவரை தாள்புரட்ட வேண்டியிருத்தலைப் பதிப்பாளர்க்கு எடுத்துரைத்து, அவற்றைப் பக்கத்தின் அடியிலேனும் ஓரத்திலேனும் வைக்குமாறு கூறினார். பிற்பதிப்புக்களில் அவை அடிக்குறிப்பாயின. சான்று உண்டு என்பது மட்டும் போதாது, அது படிப்பார் கண்ணுக்கு எளிதில் எட்டுமிடத்து நிற்றலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பெயரும் ஆண்டும்

19-ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானப் பத்திரிகைகள் பெருகின. அடிக்குறிப்புக்களும் பெருகின. அவற்றைச் சுட்டுதற்கு விண்மீன் குறி, குத்துவாள் குறி முதலிய அச்சுக்குறிகள் ஆளப்பட்டன. அவற்றிலும் ஒருவர் வழக்கு மற்றொருவர்க்கில்லை. இந்நிலையில், 1881-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு ஹார்வர்டு கல்லூரியைச் சார்ந்த விலங்கியலாராகிய எட்வர்டு லாரன்ஸ் மார்க்கு என்பார், ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை முதிர்ந்து கருவுற்றுப் பிளவுபடுமாற்றை ஆராய்ந்து ஒரு நெடுங் கட்டுரை எழுதினார். அக்கல்லூரியின் ஒப்பியல் விலங்கியற் காட்சிச்சாலையின் வெளியீட்டில் ஆறாந் தொகுதியில் அது வெளிவந்தது. அதன் 194-ஆம் பக்கத்தில், முன்னோர் ஒருவர் பெயரையும் அவர் கட்டுரை வெளிவந்த ஆண்டையும் பிறைக்கோட்டினுள் இட்டு, அம்முறையின் பயனை விளக்கி ஒரு குறிப்பும் எழுதினார்.

இன்று ‘ஹார்வர்டு முறை’ எனப் பெயர்பெற்று உலகெங்கும் வழங்கும் மரபிற்கு இதுவே மிக முற்பட்ட சான்றாகும் என்பதனை, 1988-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பத்திரிகையில் ஈலை செர்னின் என்பார் ஆராய்ந்து எழுதினார். இதன்கண் ஒரு வியப்பு உளது. பிறர்க்கு உரியதனை அவர் பெயராற் குறித்தற்கென்றே அமைந்த இம்முறையை நூறாண்டு வரை கையாண்டவருட் பெரும்பாலார், இம்முறை எவர்க்கு உரியது என்பதனை அறியாமலே கையாண்டனர். கல்லூரியின் பெயர் நின்றது, முறையைக் கண்டவர் பெயர் மறைந்தது.

பெயரும் ஆண்டும் கூறும் முறையின் நலம், வாசிப்பவர் இறுதிப் பக்கத்துக்குச் செல்லாமலே, கூற்றினர் இன்னார், அவர் காலம் இது, முந்தியவர் இவர், பிந்தியவர் இவர் என்னும் வரலாற்று முறையை உடனுணர்தலாம். கட்டுரை எழுதி முடித்தபின் புதியதொரு சான்றை இடையே சேர்ப்பினும் ஏனையவற்றிற்கு இடையூறில்லை. இதன் குறை, ஒரு கருத்துக்குப் பலர் சான்றாகுமிடத்துப் பிறைக்கோடுகள் மலிந்து வாக்கியத்தின் ஓட்டத்தைத் தடுத்தலாம்.

மேற்கோட் கடன் அக்காலத்து எல்லாராலும் ஒருபடித்தாக உணரப்படவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1905-இல் ஐன்ஸ்டைன் சார்பியற் கொள்கையை நிறுவி எழுதிய பெருங் கட்டுரையில், முன்னோர் சிலர் பெயர் வாக்கியத்தினுள் வருதலன்றி, ஆண்டும் பக்கமும் காட்டிய மேற்கோட் பட்டியல் கிடையாது. இக்காலத்து அது வந்திருப்பின், படிப்பதற்கு முன்னரே பத்திராசிரியர் அதனைத் திருப்பி அனுப்பியிருப்பார் எனக் கூறுவாரும் உளர்.

விதிநூல்களும் எண்முறையும்

20-ஆம் நூற்றாண்டு விதிநூல்களின் காலம். 1906-இல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தார், தம் அச்சுக்கூடத்தில் வழங்கிய விதிகளைத் தொகுத்து ஒரு கைந்நூலாக வெளியிட்டனர். அதன் பதினெட்டாம் பதிப்பு 2024-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டதாக வெளிவந்தது. 1928-இல் அமெரிக்க உளநூல், மானிட நூல் பத்திரிகைகளின் ஆசிரியர் சிலர் கூடி, கட்டுரை எழுதி அனுப்பும் முறை பற்றி ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் ஏழு பக்க அளவிலானதொரு குறிப்பை வெளியிட்டனர். அவ்வேழு பக்கங்களே வளர்ந்து, அமெரிக்க உளநூற் சங்கத்தாரின் விதிநூலாகி, 2019-இல் ஏழாம் பதிப்பில் நானூறு பக்கங்களைக் கடந்தது.

மருத்துவப் பத்திரிகைகளின் வரலாறு வேறு வகைத்து. ஒரு பத்திரிகை ஏலாத கட்டுரையை மற்றொன்றிற்கு அனுப்புமிடத்து, அதன் மேற்கோட் பட்டியல் முழுவதையும் அப்பத்திரிகையின் வழக்கிற்கேற்ப மாற்றித் தட்டெழுத்திற் பொறிக்க வேண்டியிருந்தது. உண்மையொன்று மாறாதிருக்கப் புள்ளியும் கோடும் மாற்றுதற்கே பல நாள் வீணாயின. இவ்விடர் தீர்ப்பான் வேண்டி, 1978-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் பொது மருத்துவப் பத்திரிகைகளின் ஆசிரியர் சிலர் கானடா நாட்டு வான்கூவர் நகரிற் கூடினர். அவர்கள் வகுத்த ஒருமைப்பாட்டு விதிகள் 1979-இல் வெளிவந்தன. மேற்கோள்களின் வடிவத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூல்நிலையத்தார் அமைத்துக் கொடுத்தனர். கட்டுரையில் முதன்முதல் வரும் முறையே 1, 2, 3 என எண்ணிட்டுச் சான்றுகளைச் சுட்டுதல் இம்முறையின் இலக்கணம். ஊரின் பெயரால் இஃது ‘வான்கூவர் முறை’ எனப்பட்டது. அக்கூட்டத்தார் பின்னர் மருத்துவப் பத்திராசிரியர்களின் சர்வதேசக் குழுவாக விரிந்தனர்.

இருமுறைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். மரபணுப் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953-இல் ‘நேச்சர்’ என்னும் பத்திரிகையில் வெளியிட்டனர். அதனைப் பெயராண்டு முறையிற் குறிப்பார், வாக்கியத்தினுள் ‘(வாட்சன், கிரிக், 1953)’ என எழுதி, இறுதியில் ஆசிரியர் பெயரை அகர வரிசையில் வைத்து, பெயரையடுத்து ஆண்டையும், பின்னர்த் தலைப்பு, பத்திரிகை, தொகுதி 171, பக்கம் 737–738 என்பனவற்றையும் கூறுவர். எண்முறையிற் குறிப்பார், வாக்கியத்தில் ஓர் எண்ணை மட்டும் இட்டு, இறுதியில் அவ்வெண்ணின் கீழ்ப் பெயர், தலைப்பு, பத்திரிகை எனக் கூறி, ‘1953;171:737–8’ எனச் சுருக்கி முடிப்பர். உறுப்புக்கள் ஒன்றே, நிரலே வேறு. அவ்விருவர் கட்டுரையிலோ எண்ணிட்ட சான்றுகள் ஆறேயுள. அவையும் கட்டுரைத் தலைப்பின்றிப் பெயர், பத்திரிகை, தொகுதி, பக்கம், ஆண்டு என்னும் அளவில் நின்றன. இடச்சுருக்கம் கருதிய அக்கால வழக்கு அது.

இவ்வுறுப்புக்கள் பலவாயிருத்தல் மிகையன்று. ஆண்டும் தொகுதியும் பெரும்பாலும் ஒரு செய்தியையே இருமுறை கூறுவன. ஒன்று பிழைபட்டால் மற்றொன்று காக்கும். பக்க எண் பிறழினும் ஆசிரியர் பெயரும் தலைப்பும் கட்டுரையைக் காட்டிக் கொடுக்கும். பத்திரிகையின் பெயரைத் தாம் வேண்டியவாறு சுருக்கினால் ஒன்றனை மற்றொன்றாகக் கொள்ள நேருமாகலின், சுருக்குதற்கும் சர்வதேச நியமம் வகுக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முதலாகக் ‘கிராஸ்ரெஃப்’ என்னும் நிறுவனத்தின் வாயிலாகக் கட்டுரை ஒவ்வொன்றற்கும் அழியா அடையாள எண் வழங்கப்படுகின்றது. அவ்வெண் கணினியில் இட்ட மாத்திரத்தே கட்டுரையைக் கொணர்கின்றது. ஆயினும் அதன்கண் ஓரிலக்கம் பிழைப்பின் தன்னைத் தான் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே அதனையும் எழுதிப் பழைய உறுப்புக்களையும் விடாது எழுதுதலே நன்மரபாயிற்று.

குறிப்பு எண்ணிக்கைப் பொருளாயினமை

மேற்கோட் குறிப்புக்குப் புதியதொரு பயன் 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஏற்பட்டது. 1873 முதலாக அமெரிக்க நியாயவாதிகள், முன்னைய தீர்ப்பொன்று பின்னைய தீர்ப்புக்களில் எங்கெங்கு எடுத்தாளப்பட்டது, ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பதனை அறிதற்கு பிராங்க் ஷெப்பர்டு என்பார் தொகுத்த அட்டவணையைப் பயன்படுத்தி வந்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, 1955-இல் யூஜின் கார்பீல்டு என்பார் விஞ்ஞானத்திற்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என எழுதி, 1964-இல் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அவர் கூறிய முதற் பயன், பிழைபட்டதென மறுக்கப்பட்ட கட்டுரையை அஃதறியாது ஒருவர் சான்றாக எடுத்தாளாதவாறு காத்தலாகும்.

நாளடைவில் அவ்வட்டவணை வேறொரு வழிக்குத் திரும்பிற்று. எத்தனை பேர் எடுத்தாண்டனர் என்னும் எண்ணிக்கையே கட்டுரையின் மதிப்பாகவும், ஆசிரியரின் பதவிக்கும் பொருளுதவிக்கும் அளவுகோலாகவும் கொள்ளப்பட்டது. படிப்பார்க்கு வழிகாட்டுதற்கென நட்ட கற்கள் செல்வத்தைக் கணக்கிடும் காசுகளாயின. அதன்பின், வழியைத் தாம் நடவாமலே கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு செல்வார் பலராயினமை வியப்பன்று.

பிழைகள் உணர்த்தும் உண்மை

1984-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஆறு மருத்துவப் பத்திரிகைகளின் மேற்கோள்களை ஆராய்ந்து, 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மேற்கோட் குறிப்புக்களில் நூற்றுக்கு 24 எழுத்தும் எண்ணும் பிழைபட்டிருந்தன. அவற்றுட் சில, மூலத்தைக் கண்டுபிடித்தலையே தடுக்கும் பெரும்பிழைகள். அதனினுங் கொடியது, நூற்றுக்கு 15 குறிப்புக்களில் மூல ஆசிரியர் கூறாததனை அவர் கூற்றாக ஏற்றியிருந்தமை.

2003-ஆம் ஆண்டில் சிம்கின், ராய்சௌதுரி என்னும் இருவர் வேறொரு வழியால் ஆராய்ந்தனர். அவ்வழி, சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பார் நன்கறிந்த வழியேயாம். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை ஒரேயிடத்துக் காணப்படின், அவை தனித்தனியே மூலத்தை நோக்கி எழுதப்பட்டனவல்ல. ஒன்றைப் பார்த்து மற்றொன்றோ, இரண்டும் ஒரு பிழைப்படியைப் பார்த்தோ எழுதப்பட்டன என்பது துணிபு. இத்துணிபை அவர் மேற்கோட் குறிப்புக்களின்மேல் ஏற்றினர். இயற்பியலிற் புகழ்பெற்றதொரு கட்டுரை 4,301 முறை எடுத்தாளப்பட்டிருந்தது. அவற்றுள் 196 இடங்களிற் குறிப்புப் பிழை இருந்தது. ஆனால் வேறுவேறான பிழைகள் 45 மட்டுமே. தொகுதி, பக்கம் முதலிய எண்களில் தாமே கைசோர்ந்து தவறுவார் வேறுவேறாகத் தவறுவர். ஒரே பக்க எண் பிழை 78 கட்டுரைகளிற் காணப்பட்டது. எழுபத்தெண்மர் கையும் ஒரேவகையிற் சோர்தல் இயலாதாகலின், அவர்கள் மூலத்தைக் காணாது பிறர் பட்டியலைப் பார்த்தெழுதினர் என்பதே பெறப்படும். இவ்வாறு கணித்து, மேற்கோள் காட்டுவாருள் மூலத்தைப் படித்தவர் நூற்றுக்கு இருபதின்மர் அளவினரே என அவர் மதிப்பிட்டனர். அம்மதிப்பின் அளவு பற்றி வாதிடலாம். பிழை காட்டிய சான்று மறுத்தற்கரியது. செம்மையாக எழுதியவனது உள்ளம் மறைந்திருக்க, பிழையாக எழுதியவனது உள்ளமே வெளிப்பட்டது.

உருவம் மட்டும் நிற்றலின் எல்லை இதனினும் விந்தையானது. பெரும் பதிப்பகம் ஒன்று, மேற்கோள் எழுதும் முறையைக் கற்பித்தற்கு, விஞ்ஞானக் கட்டுரை எழுதுங் கலை பற்றியதொரு கட்டுரையைக் கற்பனையாகப் படைத்து, ஆசிரியர் மூவர் பெயரும், 2000 என்னும் ஆண்டும், 163 என்னும் தொகுதியும், 51–59 என்னும் பக்கமும் இட்டுத் தன் வழிகாட்டியில் மாதிரியாக அச்சிட்டிருந்தது. அக்கட்டுரையும் இல்லை, அப்பத்திரிகையும் இல்லை. அங்ஙனமாக, மெய்யான கட்டுரைகள் ஏறக்குறைய நானூற்றின் பட்டியல்களில் அவ்வில்பொருள் இடம்பெற்றிருந்தமையை 2017-இல் ஆன்வில் ஹார்சிங் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். மாதிரியை அழிக்க மறந்தாரும், மெய்யென மயங்கினாரும் அவருள் உளராகலாம். புள்ளியும் கோடும் அக்குறிப்பிற் செவ்வையாகவே இருந்தன.

இவை நகைத்தற்குரியன போலும் எனின், நகைக்கலாகாததும் ஒன்றுளது. 1980-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்’ என்னும் பத்திரிகையில் ஐந்து வாக்கியமே கொண்டதொரு கடிதம் வெளிவந்தது. மருத்துவச்சாலையில் தங்கியிருந்த நோயாளருள் நோவகற்றும் அபினின மருந்து பெற்ற 11,882 பேருள், முன்பு அப்பழக்கம் இல்லாதிருந்து அம்மருந்துக்கு அடிமையானமை நன்கு புலப்பட்டவர் நால்வரே என அது கூறிற்று. மருத்துவர் கண்காணிப்பில், மருத்துவச்சாலையினுள் இருந்தார்க்கே அக்கூற்றுப் பொருந்தும். வீட்டிலிருந்து பன்னாள் அம்மருந்துண்பார் பற்றி அஃது ஒன்றுங் கூறிற்றிலது. 2017-இல் அதே பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சியொன்று, அக்கடிதம் 608 முறை எடுத்தாளப்பட்டிருத்தலைக் கண்டது. அவற்றுள் 439 கட்டுரைகள், அம்மருந்தால் அடிமைப்படுதல் அரிது என்பதற்கே அதனைச் சான்றாகக் காட்டின. அக்கூற்று மருத்துவச்சாலை நோயாளர் பற்றியது என்பதனை 491 கட்டுரைகள் கூறாது விட்டன. பெயரும், தொகுதியும், பக்கமும், ஆண்டும் பத்திரிகை விதிப்படியே அமைந்திருக்கலாம். ஐந்து வாக்கியத்தைச் சென்று படித்தல் மட்டுமே ஒழிந்தது.

1999 முதல் 2017 வரை அமெரிக்க நாட்டில் அபினின மருந்துகளை அளவிறந்து கொண்டமையால் மாண்டார் தொகை ஏறக்குறைய நான்கு இலட்சம். இப்பெருங்கேட்டிற்கு வாணிக வேட்கை முதலாகக் காரணம் பலவுள. அவற்றுள், அம்மருந்து அஞ்சத்தக்கதன்று என்னும் நம்பிக்கையை வளர்த்த இம்மேற்கோள் வழக்கும் ஒன்று என அவ்வாராய்ச்சியாளர் எழுதினர். அக்கடிதம் பொருத்தமின்றிப் பலகால் எடுத்தாளப்பட்டது என்னும் எச்சரிக்கையைப் பத்திராசிரியர் அதன் தலையில் 2017-இற் சேர்த்தனர். முப்பத்தேழு ஆண்டு கழித்து நட்ட எச்சரிக்கைக் கல் அது.

உருவும் உயிரும்

இக்காலத்து மேற்கோள் அமைக்கும் தொழிலைக் கணினிச் செயலிகள் ஏற்றுக்கொண்டன. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பத்திரிகைகளின் வழக்கிற்கேற்ப ஒரு பட்டியலை நொடிப்பொழுதில் மாற்றித் தருவன அவற்றுள் உள. வான்கூவர் நகரிற் கூடியார் வருந்திய இடர் பெரும்பாலும் தீர்ந்தது. அதனோடு வேறோர் இடர் பிறந்தது. கேட்டது எதனையும் எழுதித்தரும் செயற்கை அறிவுக் கருவிகள், ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் குறைவற அமைத்து, இல்லாத கட்டுரைகளை உள்ளன போலக் காட்டுதல் 2022-க்குப் பின் பலவிடத்தும் கண்டறியப்பட்டது. உருவத்தைச் செவ்வையாக அமைத்தல் முன்பு உழைப்பின் அடையாளமாயிருந்தது. இன்று அஃது அவ்வடையாளமும் அன்று.

அற்றேல், உருவ விதிகளைக் கைவிடுதல் தகுமோ எனின், தகாது. உயிர் நிலைபெறுதற்கு உடம்பு வேண்டுமாறுபோல, சென்று காண்டற்கு வழி வேண்டும். வழி பிழைபட்டால் செல்லக் கருதினாரும் சென்று சேரார். நூற்றுக்கு 24 குறிப்புப் பிழைபட்ட நிலையில் மெய்யை நாடுவார்க்கு நேரும் இடர் பெரிது. ஆயினும், வழியை வரைந்து கொடுத்தவர் தாம் அவ்வழியே சென்று கண்டிருத்தல் வேண்டும். காணாதவர் கண்டாரிடம் கேட்டதாயின், இன்னார் எடுத்துக்காட்டியபடி எனக் கூறி, இடைநின்றார் பெயரையுங் குறித்தல் வேண்டும். அவ்வழக்கை விதிநூல்கள் அனுமதித்திருக்கவும் கையாள்வார் சிலரே.

கட்டுரையை அனுப்புமுன் ஒருவர் செய்யற்பால மூன்று. பட்டியலில் நிற்கும் ஒவ்வொன்றையும் தாம் கண்டதுண்டா என வினாவுதல் ஒன்று. தாம் ஏற்றிய கூற்று அம்மூலத்தில், அவ்வெல்லையளவில் உளதா என ஒப்புநோக்குதல் ஒன்று. பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்பன மூலத்தின் முகப்போடு ஒத்தனவா எனப் பார்த்தல் ஒன்று. புள்ளியும் காற்புள்ளியும் பத்திரிகையின் வழக்கிற்கு ஒத்தனவா என்பது இம்மூன்றற்கும் பின்னது.

ஓரத்திற் பொறித்த எழுத்துக்களை விடாது எழுதுமாறு பீட் துறவியார் வேண்டிக்கொண்டது ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன். பின்வந்தோர் அக்குறிகளை மேன்மேலும் செம்மைசெய்து, எண்ணும் விதியும் அட்டவணையும் கருவியும் வகுத்தனர். அவர் வேண்டிக்கொண்டதோ குறியைப் பற்றி மட்டுமன்று. பிறருடைய சொல் பிறருடையதாகவே, அவர் சொன்ன அளவினதாகவே நிற்றல் வேண்டும் என்பதாம். அதனைக் காப்பது விதிநூலன்று, எழுதுவாரது வாய்மையே என்க.